இல்லத்தின் நலம்: வாய்விட்டுச் சொல்லாத குறை



தலைவலி வந்தால் ஊருக்கே சொல்லுகிறோம். காய்ச்சல் வந்தால் அண்டை வீட்டார் கஷாயம் கொண்டுவந்து தருகிறார்கள். கை முறிந்தால் கட்டுப் போட்ட கையோடு கோயிலுக்கு வந்து, கேட்பவர்க்கெல்லாம் விழுந்த கதையைச் சொல்லுகிறோம். ஆனால் தாய்க்கும் சொல்லாமல், உடன்பிறந்தாளுக்கும் சொல்லாமல், ஒரே அறையில் படுத்துறங்கும் தோழிக்கும் சொல்லாமல் மறைக்கப்படும் குறைகளும் சில உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி இத்திங்கள் ஒளிவின்றி எழுத எண்ணுகிறேன். சிரிக்கும்போதும், தும்மும்போதும், ஓடும்போதும், கழிப்பறைக் கதவை எட்டுமுன்னும் கட்டுப்பாட்டை மீறிச் சிறுநீர் கசிந்துவிடுகின்ற குறையே அது.

பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இக்குறை புதிதன்று. நாலைந்து மக்களைப் பெற்ற பாட்டிமார் இதைப் பற்றித் தமக்குள் கேலியாகவும் பேசிக்கொள்வர். "பெற்ற வயிறு, அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதலும் கொள்வர். ஆனால் மணமாகாத, கருவுற்றே அறியாத பதினாறு வயதுப் பெண்ணுக்கும் இது வரக்கூடும் என்பதை நம் குடும்பங்களில் பெரும்பாலானவை அறியா. இவ்வறியாமையினால் அப்பெண் தனித்து நிற்கிறாள். உலகில் தனக்கு மட்டுமே இந்த இழிவு நேர்ந்தது என்று எண்ணி உள்ளுக்குள்ளே குமைகிறாள்.

அவள் வாய் பேசுவதில்லை. அவள் நடத்தை பேசுகிறது. நேற்றுவரை கபடி ஆடியவள் இன்று அணியிலிருந்து விலகிக்கொள்கிறாள். பள்ளிக்கு எடுத்துச் செல்லும் தண்ணீர்ப் புட்டி மாலையில் நிறைந்தபடியே திரும்பி வருகிறது. வெளிர் நிறத் துணி வேண்டாம் என்கிறாள். கல்லூரிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிய பிறகு வரவில்லை என்கிறாள். மாதவிலக்கு இல்லாத நாளிலும் நாப்கின் தீர்ந்துபோகிறது. தோழியர் சிரிக்கும்போது இவள் மட்டும் கால்களை இறுக்கிக்கொண்டு சிரிப்பை விழுங்குகிறாள். வீட்டார் இவற்றைக் கண்டு, "பெண் சோம்பேறியாகிவிட்டாள், யாரோடும் ஒட்டமாட்டேன் என்கிறாள்" என்று கடிந்துகொள்கிறார்கள். நோய் ஒன்றிருக்க, வசை வேறொன்றுக்குக் கிடைக்கிறது.

எண்கள் உரைக்கும் உண்மை

இக்குறை அரியதன்று என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். ஆஸ்திரேலிய நாட்டில் 16 முதல் 30 வயதுவரையுள்ள, ஒருமுறையேனும் கருவுறாத இளம்பெண்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் வினாக்கள் கேட்டு ஓர் ஆய்வு நடத்தினர். அதன் முடிவு 2012-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு 12.6 பேர் தமக்குச் சிறுநீர்க் கசிவு உண்டு என்று விடையளித்தனர். எட்டுப் பேருக்கு ஒருவர் என்று இதனைக் கொள்ளலாம். அக்குறையுடையோரின் மனநலமும் மற்றவரினும் தாழ்ந்திருந்ததாக அவ்வாய்வு காட்டிற்று. கசிவு சில துளிதான்; அது மனத்தின்மேல் வைக்கும் சுமையோ பெரிது.

விளையாட்டுப் பெண்களிடம் இது இன்னும் மிகுதி. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளையாட்டு அணிகளைச் சேர்ந்த, பிள்ளை பெறாத மாணவியரிடம் கேட்டறிந்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில், 28 விழுக்காட்டினர் ஆட்டத்தின் நடுவே சிறுநீர் கசிந்ததாகக் கூறினர். உடலை வளைத்துக் குதிக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையருள் இது 67 விழுக்காடு. கூடைப்பந்து ஆடுவோருள் 66 விழுக்காடு. மெல்ல நடந்து ஆடும் கோல்ப் ஆட்டத்திலோ ஒருவரும் இல்லை. சுவீடன் நாட்டில் துள்ளுமேடை எனப்படும் டிராம்போலின் பயிற்சி பெறும் 35 வீராங்கனையரை ஆராய்ந்து 2002-இல் எழுதினர். அவர்கள் 12 முதல் 22 வயதுக்குட்பட்டவர்கள். அவர்களுள் 80 விழுக்காட்டினருக்குத் துள்ளும்போது சிறுநீர் கசிந்தது. வேறு எப்பொழுதும் கசியவில்லை. உடல் வலிமையில் அந்நாட்டின் முன்னணியில் நிற்கும் சிறுமியர் அவர்கள்! வலுவற்றவர்க்கே இது வரும் என்ற எண்ணம் இங்கே உடைகிறது.

நம் வாசகர்களுக்கு மிகவும் அணித்தான சான்று ஒன்றுண்டு. அது துறவற மடங்களிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து மருத்துவர்கள், பிள்ளைப்பேறே காரணமென்றால் கன்னியர்க்கு இக்குறை இருத்தலாகாதே என்று எண்ணி, 149 அருட்சகோதரிகளிடம் கேட்டறிந்தனர். 2002-இல் அவ்வாய்வு வெளியாயிற்று. அவர்களுள் பாதிப் பேருக்குக் கசிவு இருந்தது. அதே குழுவினர் மேலும் ஒருபடி சென்றனர். ஒரு வயிற்றில் பிறந்த அக்காள் தங்கையருள் ஒருத்தி பிள்ளை பெற்றவள், மற்றொருத்தி பெறாதவள் என்றவாறு 143 இணைகளைச் சேர்த்து ஒப்பிட்டு 2005-இல் எழுதினர். பெற்றவர்களில் 49.7 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 47.6 விழுக்காட்டினருக்கும் கசிவு இருந்தது. வேறுபாடு மிகச் சிறிது. இவ்விரு ஆய்வுகளிலும் இடம்பெற்றவர்கள் முதிர்ந்த வயதினர் என்பதை மறைத்தலாகாது. ஆயினும் அவை காட்டும் உண்மை ஒன்றுண்டு: இக்குறையின் வேர் மகப்பேற்றில் மட்டும் இல்லை, பிறப்பிலும் குடும்ப உடல்வாகிலும் கூட அது இருக்கின்றது.

உடலின் அமைப்பு

சிறுநீர்ப்பை என்பது அடிவயிற்றிலுள்ள தசையாலான பை. வளர்ந்தவர்க்கு ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை அது கொள்ளும். பாதியளவு நிறைந்ததும் முதல் உணர்வு தோன்றும். பை நிறையும்போது அதன் தசை தளர்ந்திருக்க வேண்டும். அதன் வாயில் இறுகியிருக்க வேண்டும். கழிக்கும்போது தசை இறுகி, வாயில் தளர வேண்டும். இவ்விரு வேலைகளும் மாறி மாறி ஒழுங்காக நடைபெற மூளையும், தண்டுவடமும், நரம்புகளும் ஆணையிடுகின்றன.

இப்பையை அடியிலிருந்து தாங்கி நிற்பவை இடுப்புத் தளத் தசைகள். கயிற்றுக் கட்டிலில் கயிறு பின்னியிருப்பதுபோல, முன்னெலும்பிலிருந்து முதுகெலும்பின் நுனிவரை அவை விரிந்து கிடக்கின்றன. கட்டில் கயிறு தொய்ந்தால் படுத்தவர் கீழே இறங்கிப் போவார் அல்லவா? அதுபோல இத்தசைகள் தொய்ந்தாலோ, உரிய நேரத்தில் இறுகத் தவறினாலோ, தும்மலின் அழுத்தம் மேலிருந்து வரும்போது சிறுநீர் வழிந்துவிடுகிறது. இதனை அழுத்தக் கசிவு என்பர்.

இரண்டாவது வகை வேறு. இங்கே வாயில் நன்றாகவே இருக்கும், பைதான் பொறுமையற்றது. நிறையுமுன்னரே அது தானாகச் சுருங்குகிறது. திடீரென்று அடக்கவொண்ணாத உந்துதல் எழும்; ஓடிச் செல்வதற்குள் நனைந்துவிடும். வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்கும் நேரத்தில், குழாயில் தண்ணீர் விழும் ஓசையைக் கேட்ட நேரத்தில் வருவது பெரும்பாலும் இதுவே. இதனை அவசரக் கசிவு என்பர். சிலர்க்கு இரண்டும் கலந்திருக்கும். சிறுமியரிடம் இன்னுமொரு வகை காணப்படும். மற்ற வேளைகளில் ஒரு குறையும் இராது. வயிறு குலுங்கச் சிரித்தால் மட்டும் பை முழுதுமே ஒழிந்துவிடும். வயது ஏற ஏற இது பலருக்குக் குறைந்துவிடுகிறது.

எந்த வகை என்று அறிவது முதற்கடமை. ஒன்றுக்கு உரிய மருத்துவம் மற்றொன்றுக்குப் போதாது.

இளமையில் வருவதன் காரணங்கள்

காரணங்கள் பல. சிலருக்குத் தசைகளையும் தசைநார்களையும் பிணைக்கும் இழைகள் பிறப்பிலேயே நெகிழ்வாக அமைந்திருக்கும். தாய்க்கும் பாட்டிக்கும் இருந்தது மகளுக்கும் வருவது இதனால்தான். சிறுவயதில் நெடுங்காலம் படுக்கையை நனைத்தவர்களுக்குப் பின்னரும் பை அமைதியற்றிருக்கக்கூடும். ஓயாத இருமல், ஆஸ்துமா, மிகுந்த உடற்பருமன், ஓங்கிக் குதிக்கும் பயிற்சிகள் ஆகியவை தசைத்தளத்தை நாள்தோறும் இடிக்கின்றன.

மலச்சிக்கலைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை நெருக்குகிறது. முக்கி முக்கிக் கழிப்பதால் தளத் தசைகளும் தளர்கின்றன. வீட்டுப் பெண் வாரத்தில் இருமுறைதான் வெளிக்குப் போகிறாள் என்றால், அதைச் சரிசெய்வதே கசிவுக்கும் பாதி மருந்தாகலாம்.

அடக்கிவைக்கும் பழக்கம் மற்றொன்று. காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படும் மாணவி, பள்ளிக் கழிப்பறையின் நிலை கண்டு அஞ்சி, மாலை ஐந்து மணிவரை அடக்கிக்கொள்கிறாள். துணிக்கடையில் நிற்கும் பெண், மேலாளரிடம் அனுமதி கேட்க வெட்கி அடக்கிக்கொள்கிறாள். தேங்கிய சிறுநீரில் கிருமி வளர்கிறது. கிருமியால் எரிச்சலும், எரிச்சலால் அவசரமும், அவசரத்தால் கசிவும் தொடர்கின்றன. இதற்கு அஞ்சி அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறாள். சிறுநீர் தடித்து மஞ்சளாகிப் பையை இன்னும் எரிக்கிறது. கசிவைத் தடுக்கச் செய்த தந்திரமே கசிவை வளர்க்கிறது. இதற்கு நேர்மாறாக, "எதற்கும் இருக்கட்டும்" என்று அரைமணிக்கொரு முறை கழிப்பறைக்குச் செல்வதும் தீதே. நிறைந்து பழகாத பை சிறிதளவுக்கே துடிக்கக் கற்றுக்கொள்கிறது.

தகாத ஐயம்

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

ஓர் இளம்பெண் பெருமுயற்சியோடு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு தாயிடம் இதைச் சொல்லுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாயின் முகம் மாறுகிறது. "இது பிள்ளை பெற்றவளுக்கல்லவா வரும்? உனக்கு எப்படி வந்தது?" என்று கேட்கிறாள். அக்கேள்வியின் அடியில் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. மகள் அதைப் புரிந்துகொள்கிறாள். தன் ஒழுக்கத்தின்மேல் தாயே ஐயம் கொள்கிறாள் என்று அறிந்தவுடன் அவள் வாய் அடைத்துப்போகிறது. பின்னர்ப் பத்தாண்டு ஆனாலும் அவள் அதைப் பேசமாட்டாள்.

பெற்றோரே, இந்த ஐயம் அறியாமையின் பிள்ளை. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கும், வாழ்நாளெல்லாம் கன்னிமை காத்த துறவிக்கும் வருகின்ற குறையைக் கொண்டு ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளப்பது எவ்வாறு தகும்? இது கருவுற்றதற்குச் சான்றுமன்று, கற்பிழந்ததற்குச் சான்றுமன்று. கண்பார்வை மங்கினால் கண்ணாடி போடுகிறோம். பெண்ணின் நடத்தையை விசாரிப்பதில்லை. இதுவும் அவ்வாறே உடலின் ஒரு குறை. பொய்யான ஐயத்தால் பிறர் நற்பெயரைக் கெடுப்பது பாவம் என்று நாம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில் கற்பிக்கிறோம். அந்நீதி வீட்டிற்குள்ளும் செல்லுபடியாக வேண்டும்.

மருத்துவமனைக்குச் செல்லவும் இதே அச்சம் தடையாகிறது. மணமாகாத பெண்ணை அழைத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரின் அறைவாயிலில் அமர்ந்தால் கண்டவர் என்ன சொல்வார் என்று தாய்மார் தயங்குகின்றனர். உட்புறப் பரிசோதனை செய்வார்களே என்று பெண் நடுங்குகிறாள். தொடக்கத்தில் பெரும்பாலும் வேண்டப்படுவன எளியவை: கேள்விகளுக்கு விடை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, தேவையானால் வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன். உட்புறப் பரிசோதனை தேவை என்று மருத்துவர் கருதினாலும், அதன் காரணத்தைக் கேட்கவும், வேண்டாம் என்று மறுக்கவும், பெண் மருத்துவரை நாடவும், துணைக்குத் தாயை உடன் வைத்துக்கொள்ளவும் அவளுக்கு உரிமை உண்டு. மகப்பேறு மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும் என்பதும் இல்லை. குடும்ப மருத்துவரிடமோ, சிறுநீரியல் மருத்துவரிடமோ செல்லலாம்.

திருமணப் பேச்சு வரும்போது இதை ஒரு பெருங்களங்கமாக எண்ணி அஞ்சுவோரும் உண்டு. துறவற மடத்தில் சேர விரும்பும் பெண், இக்குறையால் தன் அழைத்தலே முறிந்துவிடுமோ என்று கலங்குவதும் உண்டு. இருவருக்கும் ஒரே விடைதான்: இது மருத்துவத்துக்கு இணங்கும் குறை. மறைத்துச் சுமப்பதைவிட, முன்னரே மருத்துவரைக் கண்டு குணம் தேடுவதே அறிவுடைமை.

செய்யத்தக்கவை

முதலாவது, மூன்று நாட்களுக்கு ஒரு குறிப்பேடு எழுத வேண்டும். எத்தனை மணிக்கு எவ்வளவு பருகினாள், எத்தனை மணிக்குக் கழித்தாள், எப்பொழுது, என்ன செய்துகொண்டிருந்தபோது கசிந்தது என்று குறித்துக்கொள்ளட்டும். வாயால் சொல்ல வெட்கப்படும் பெண் இத்தாளை மருத்துவரிடம் நீட்டினாலே போதும். பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது, தண்ணீரை நிறுத்தலாகாது. நாள் முழுவதும் அளவாகப் பருகி, படுக்கைக்குச் செல்லுமுன் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். காப்பி, தேநீர், கோலா முதலிய பானங்கள் பையைத் தூண்டக்கூடியவை. அவற்றைச் சில வாரம் குறைத்துப் பார்க்கலாம். கீரை, பழம், தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றால் மலச்சிக்கலைப் போக்க வேண்டும்.

மூன்றாவது, தசைப் பயிற்சி. அழுத்தக் கசிவுக்கு இதுவே தலையாய மருத்துவம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ஆம் ஆண்டில் இதனை எழுதி உலகறியச் செய்தார். அதனால் கெகல் பயிற்சி என்றே இதற்குப் பெயர் வழங்குகிறது. செய்முறை எளிது. காற்று பிரிவதையும் சிறுநீர் வழிவதையும் ஒருசேர அடக்குவதுபோல அடித்தசைகளை உள்ளும் மேலுமாக இறுக்கி இழுக்க வேண்டும். சில நொடிகள் நிறுத்தி, பின் முற்றிலும் தளர்த்த வேண்டும். வயிறும் தொடையும் பிட்டமும் இறுகலாகாது, மூச்சை அடக்கலாகாது. நார்வே நாட்டில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வேளைக்கு 8 முதல் 12 முறை, நாளுக்கு மூன்று வேளை இதைச் செய்த பெண்கள், மின்தூண்டல் முதலிய பிற சிகிச்சை பெற்றவர்களைவிட நலமடைந்தனர். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2018-இல் வெளியான காக்ரேன் மதிப்புரையின்படி, அழுத்தக் கசிவுக்காக இப்பயிற்சி செய்த பெண்களுள் 56 விழுக்காட்டினர் குணமானோம் என்றனர். செய்யாதவர்களுள் 6 விழுக்காட்டினரே அவ்வாறு கூறினர்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பலர் இறுக்குவதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குகிறார்கள்; அது தீங்கு. சில இளம்பெண்களுக்கு இத்தசைகள் தளர்ந்தல்ல, எப்போதும் இறுகியே இருப்பதால் குறை உண்டாகிறது. அவர்களுக்கு முதலில் தளர்த்தும் பயிற்சியே வேண்டும். ஆகையால் இயன்முறை மருத்துவம் எனப்படும் பிசியோதெரபி கற்றவரிடம் ஒருமுறையேனும் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நன்று. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாகக் கொள்ளவே கூடாது. பலன் ஓரிரு நாளில் வாராது. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

நான்காவது, ஒரு சிறிய உபாயம். தும்மல் வருவதற்கு முன்னும், கனத்த குடத்தைத் தூக்குவதற்கு முன்னும் அடித்தசையை இறுக்கிக்கொண்டால் கசிவு பெரிதும் தடைபடும். பழகப் பழக உடல் அதைத் தானே செய்யும்.

ஐந்தாவது, அவசரக் கசிவுடையோர்க்குப் பையைப் பழக்கும் முறை. உந்துதல் வந்தவுடன் ஓடாமல், நின்று அல்லது அமர்ந்து, தசையை இறுக்கி, மனத்தை வேறொன்றில் செலுத்தினால் அந்த அலை தணியும். பின்னர் நிதானமாக நடந்து செல்லலாம். இன்று ஒரு மணிக்கொரு முறை என்றால், அடுத்த வாரம் ஒன்றேகால் மணி, அதற்கடுத்து ஒன்றரை மணி என்று படிப்படியாக நீட்டி, மூன்று மணி நேர இடைவெளிக்கு வரலாம். போதாதவர்க்கு மருந்துகளும் உண்டு. அவற்றை மருத்துவரே அளிக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை இளம்பெண்களுக்குப் பெரும்பாலும் வேண்டப்படுவதில்லை.

காலந்தாழ்த்தலாகாத அறிகுறிகள்

மேற்கூறியவை பொதுவானவை. ஆனால் சில அறிகுறிகளைக் கண்டால் வீட்டுப் பயிற்சியோடு நின்றுவிடாமல் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

பிறந்தது முதல் ஒரு நாளேனும் உலர்ந்திராத பெண்ணைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவள் எல்லோரையும் போல ஒழுங்காகச் சிறுநீர் கழிக்கிறாள். ஆயினும் இரவும் பகலும் ஓயாமல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் பையில் சேராமல், பிறவியிலேயே இடம் மாறி வேறிடத்தில் திறந்திருப்பதால் இவ்வாறு நேரலாம். இத்தகைய சிறுமியரை "கெட்ட பழக்கம்" என்று அடித்தும் வைதும் வளர்ப்பதுண்டு. அடியால் மாறக்கூடியதன்று அது. ஸ்கேன் மூலம் கண்டுபிடித்து அறுவைச் சிகிச்சையால் நீக்கக்கூடியது.

அடுத்து, அடிமுதுகில் மயிர்க்கற்றையோ குழியோ இருந்து, காலில் வலுக்குறைவும் இருந்தால் தண்டுவடக் குறையை எண்ண வேண்டும். திடீரென்று தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் தளர்தல், சிறுநீர் வராமல் அடைத்தல் ஆகியவை நேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தணியாத தாகமும், உடல் மெலிவும், அடிக்கடி மிகுதியாகச் சிறுநீர் போதலும் சேர்ந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம். இளம்பிள்ளைகளுக்கும் அது வரும். காலந்தாழ்த்தினால் உயிருக்கே ஊறு. காய்ச்சலுடன் எரிச்சல், சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றையும் புறக்கணிக்கலாகாது. காசநோய் சிறுநீர்ப்பையைத் தாக்கிச் சுருக்கிவிடுவதும் நம் நாட்டில் உண்டு.

ஊரும் பங்கும் செய்ய வேண்டியவை

ஒரு பெண்ணின் குறையைத் தீர்ப்பதில் ஊராருக்கும் பங்குண்டு. ஆசிரியர்களே, வகுப்பின் நடுவே கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்கும் மாணவியைக் காரணம் கேட்டு நிறுத்தாதீர்கள். நாற்பது பேர் நடுவில் அவள் எக்காரணத்தைச் சொல்வாள்? பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே கூறுகிறது. கட்டினால் மட்டும் போதாது. தண்ணீரும் தாழ்ப்பாளும் வேண்டும். விளையாட்டுப் பயிற்சியாளர்களே, அணியை விட்டு விலகும் பெண்ணைக் கோழை என்று ஏசாமல், பெண் ஆசிரியை ஒருவர் வழியாக அமைதியாகக் கேட்டறியுங்கள். விடுதிக் காப்பாளரான அருட்சகோதரிகளே, ஈரத் துணியை மறைத்து உலர்த்தும் பெண்ணைக் கண்டால் அதட்டாதீர்கள். தனியே அழைத்துப் பேசுங்கள்.

நம் கோயில்களையும் எண்ணிப் பார்ப்போம். பெருவிழா நாட்களில் மூன்று மணி நேரம் வழிபாடு நடக்கிறது. வளாகத்தின் மூலையில் ஒரு கழிப்பறை இருக்கும். அதன் சாவி கோவில்பிள்ளையிடம் இருக்கும். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, ஆடவர் கூடி நிற்கும் இடத்துக்கு வந்து அச்சாவியைக் கேட்பாளா? கேட்கமாட்டாள், கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொள்வாள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் பல நாள் நடந்து செல்லும் திருப்பயணிகளுள் இளம்பெண்கள் எத்தனை பேர், வழியில் ஒதுங்க இடமில்லை என்று அஞ்சி, வெயிலில் தண்ணீர் குடியாமலே நடக்கிறார்கள்! வழிநெடுக அன்னதானப் பந்தல் போடும் பங்குகள், பந்தலுக்குப் பக்கத்தில் பெண்களுக்கென்று ஒரு மறைவிடமும், ஒரு வாளித் தண்ணீரும் வைத்தால் அது சோற்றுக்குச் சற்றும் குறையாத அறமாகும். பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதைப் பேச வெட்கப்பட வேண்டுவதில்லை.

இறுதியாகத் தாய்மாருக்கு ஒரு சொல். உங்கள் மகள் தானாக வந்து சொல்வாள் என்று காத்திராதீர்கள். துணி துவைக்கும் வேளையிலோ, தலை பின்னும் வேளையிலோ, எதேச்சையாகப் பேச்சைத் தொடங்குங்கள். "சின்னப் பெண்களுக்குக்கூடச் சிரித்தால் ஒண்ணுக்கு வந்துவிடுமாம், பயிற்சி செய்தால் சரியாகுமாம்" என்று சொல்லி வையுங்கள். அதற்குமேல் ஒன்றும் கேட்க வேண்டா. அன்றே அவள் பேசாமலிருக்கலாம். மறுநாளோ, மறுவாரமோ பேசுவாள். அப்போது "எப்படி வந்தது?" என்று கேளாமல், "எத்தனை நாளாயிற்று அம்மா, வலிக்கிறதா?" என்று கேளுங்கள். மருந்தும் பயிற்சியும் அதன் பின்னர் வரட்டும்.